ஏழாவது தகவலாளி

குருமண்வெளித் துறையில்
பாதை என்றால் மிதப்பது.
இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு மீன்காரர்,
அவருடைய ஐஸ் பெட்டி, நான்.
மடிக்கணினியை மழைக்கோட்டுக்குள் பொத்திக்கொண்டு
எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போகிறேன்,
"மறைநெறிகளும் அறிவுருவாக்கமும்" என்ற தலைப்போடு.

பேராசிரியர் சொல்லியிருந்தார்:
நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்,
இடையில் நின்று எழுது.
இடையில் இருப்பது வாவி, சேர்.
நிற்க இடமில்லை.

யோகமலர் கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதுகிறவள்.
எனக்கும் அவளுக்கும் முப்பத்தாறு.
வைகாசிச் சடங்கில் ஏழு நாள்
அவளில் அம்மாள் வருவா.
மற்ற நாளெல்லாம் பருப்பு மூட்டை, சீனி மூட்டை,
வராத கடன்.

சம்மதப் படிவத்தை
கூட்டல் பிழை தேடுகிற கண்ணால்
இரண்டு தரம் வாசித்தாள்.
"ஆர் கையெழுத்து வைக்கிற? நானா, அம்மாளா?"
நெறிமுறைக் குழுவின் வழிகாட்டியைப் புரட்டினேன்.
இல்லை.
"நான் எனக்கு வைக்கிறன் கா.
அவவுக்கு ஒரு பிரதி தாங்க, விளக்கடியில வைப்பம்."

மந்திரம் பற்றிக் கேட்டேன்.
"அது பஸ் நிலையத்துப் புத்தகக் கடையில இருக்கு,
நூற்றைம்பது ரூபாய்.
அதிலயா மறைவு?"
எனது முதல் மூன்று அத்தியாயங்களும்
தண்ணீருக்குள் போன சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

ஒலிப்பதிவு நாற்பத்தொரு மணித்தியாலம்.
[உடுக்கு. பதினான்கு நிமிடம்.]
[பெண் குரல். சொல் விளங்கவில்லை.]
[யாரோ அழுகிறார்கள். மோட்டார் சைக்கிள்.]
[சொல் விளங்கவில்லை.]

வாக்குக் கேட்க வந்தவர்கள் வருத்தம் கேட்கவில்லை,
மகளுக்குக் கலியாணம் கேட்கவில்லை.
பொலித்தீன் பைக்குள்ளிருந்து ஒரு படம்,
அடையாள அட்டைக்கு எடுத்தது,
தொண்ணூறில் போனவன்.
இருக்கிறானா?

ஒருத்திக்கு அம்மாள் சொன்னா: இருக்கிறான்.
அடுத்தவளுக்கு: இனி அவனுக்குப் படை.
இன்னொருத்திக்கு ஒன்றும் சொல்லவில்லை,
நெற்றியில் கைவைத்தபடி நின்றா,
வேப்பிலை வாடுமட்டும்.

அட்டவணை போட்டேன். வயது, ஊர், ஆண்டு, வாக்கு.
இருபத்து மூன்றாம் வரி:
பெண், எழுபத்தொன்று, எருவில், தொண்ணூறு, வாக்கு இல்லை.
அந்த வரியை நிரப்ப
நான் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.
எந்த நிரலிலும் ஒழுங்கு வரவில்லை.

குளிர்த்தி முடிந்த விடியலில்
கடைக்குப் பின்னால் தேத்தண்ணி ஊற்றினாள்.
குரல் கரகரத்துப் போயிருந்தது.
"அதை நிப்பாட்டுங்க."
சிவப்புப் புள்ளி அணைந்தது.

எவளுக்கு இருக்கிறான், எவளுக்கு இல்லை,
எவளுக்குச் சொல்லவே கூடாது,
அது எப்படி முடிவாகிறதென்று சொன்னாள்.
நாலே வசனம்.
அதற்குள் தெய்வம் இருந்தது,
கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதுகிற ஒருத்தியும் இருந்தாள்.
நான் படித்த கோட்பாடு ஒன்றும் அங்கே இருக்கவில்லை.
எழுதாதே என்று அவள் சொல்லவில்லை.
கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்
திறப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

வந்தாறுமூலையில் வாய்மொழிப் பரீட்சை.
வெளிப் பரீட்சகர் பென்சிலால் தட்டினார்:
"பக்கம் நூற்று நாற்பத்து மூன்று.
'முறை இங்கு விளக்கப்படவில்லை' என்கிறீர்கள்.
இது குறைபாடா, தீர்மானமா?"
குளிரூட்டியிலிருந்து ஒரு சொட்டு
கம்பளத்தில் விழுந்தது. இன்னொன்று.
"தீர்மானம்."
அவர் ஏதோ எழுதினார். குறைபாடு என்பதுபோல்
நீளமாக இருந்தது.

திருத்தங்கள் முடிந்த ஆவணியில்
இரண்டு பிரதிகளோடு மறுபடி பாதையேறினேன்.
யோகமலர் கல்லாவில் நின்றபடியே
நூற்று நாற்பத்து மூன்றைத் திறந்து
இரண்டு தரம் வாசித்தாள்.
"கணக்குச் சரி கா."

மற்றப் பிரதியை ஏந்திக்கொண்டு
இருவரும் கோயிலுக்குள் கொஞ்ச நேரம் நின்றோம்.
விளக்கடிக்கு அது
தடிப்பு.